செய்யாத குற்றத்துக்கு வந்த இ-சலானை மறுக்க, சொந்த வட்டத்திலேயே வழி கேட்டு மனு

அனுப்புநர்:
சிறு விவசாயி ஒருவர்,
வெண்ணாற்றங்கரைக் கிராமம்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மாண்பமை முதன்மை மாவட்ட நீதிபதி மற்றும் தலைவர் அவர்கள்,
மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு,
திருவாரூர்.

நாள்: 10.11.2025

பொருள்: வெளியூரில் தவறாகப் பதிவான இ-சலானை (மின்னணு முறையில் வரும் போக்குவரத்து அபராதச் சீட்டை) மறுத்து வழக்காட விரும்புவோர், சொந்த வட்டத்திலிருந்தே மறுப்பு மனு கொடுக்கவும் காணொலி வழியாக ஆஜராகவும் ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எனக்கு ஆறு மா நிலம். வீட்டில் இருக்கும் ஒரே வண்டி 2010 ஆகஸ்டில் வாங்கிய சிவப்பு நிற டிவிஎஸ் எக்ஸ்எல். விதை மூட்டை, உர மூட்டை, மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் அதில்தான். இந்த ஆகஸ்டில் பதினைந்து வருடம் முடிந்ததால் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றைப் புதுப்பிக்கப் போனேன். பிரவுசிங் சென்டரில் இருந்த தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்க வண்டி மேல ஒரு கேஸ் நிக்குது. அதை முடிக்காம இது நகராது" என்றார். என் மேல் ஒரு வழக்கு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதுவும் ஒன்றரை வருடத்துக்கு முந்தைய வழக்கு.

12.02.2024 அன்று காலை 11.40 மணிக்கு, இங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பெரிய நகரத்தில், சிக்னல் கேமராவில், ஹெல்மெட் இல்லாமல் போனதாகப் பதிவு. அபராதம் 1,000 ரூபாய்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்து வைத்து மூன்றாம் நாள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். காலையில் மெஷினில் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. திரும்பவும் தார்ப்பாயை விரித்து, நெல்லைக் காலால் அளைந்து காயவிட்டுக்கொண்டிருந்தேன். எக்ஸ்எல் பக்கத்துப் புங்கமரத்தடியில், சாக்குகளைச் சுமந்தபடி நின்றது. சாயங்காலம் நெல்லை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தேதி போட்ட ரசீது இன்னமும் என்னிடம் இருக்கிறது. அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து தஞ்சாவூரைத் தாண்டியதில்லை.

சலானோடு இணைத்திருந்த படத்தை என் மகள் போனில் திறந்து பெரிதாக்கிக் காட்டினாள். படத்தில் இருப்பது கருப்பு ஸ்கூட்டர். ஓட்டுகிறவர் நீலச் சட்டை போட்ட இளைஞர். நம்பர் பிளேட்டில் கடைசி எண் 3. பிளேட்டை முடுக்கிய போல்ட் சரியாக அந்த 3-இன் திறந்த பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால், தூரத்தில் இருந்து பார்த்தால் 8 மாதிரி தெரிகிறது. என் வண்டியின் கடைசி எண் 8. மற்றபடி டி.என். 50-இல் தொடங்கி எல்லாம் ஒன்றே. பார்த்தவர் 8 என்று எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஸ்கூட்டருக்கும் எக்ஸ்எல்லுக்கும், கருப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்த்த 167ஏ விதிப்படி, கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாளைக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். எனக்குத் தபாலிலும் வரவில்லை, போனிலும் வரவில்லை. போனில் வராத காரணம் பிறகு தெரிந்தது. என் வண்டிக் கணக்கில் ஏறியிருந்த கைப்பேசி எண், அந்தக் காலத்தில் எனக்கு வண்டி எடுத்துக் கொடுத்த கடைப் பையனுடையது. இது என் ஒருவன் கதை இல்லை. எங்கள் தெருவில் விசாரித்ததில் நாலு வண்டிகளுக்கு ஏஜென்ட் நம்பரோ, எப்போதோ கைவிட்ட பழைய நம்பரோதான் இருக்கிறது.

"ஆயிரம் ரூபாய்க்காகவா அலையப் போறீங்க, கட்டிட்டுப் போங்க மாமா" என்று கேட்காதவர் இல்லை. கட்டியிருக்கலாம். ஆனால் கட்டுவது என்றால் நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்வது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் ஹெல்மெட் குற்றத்துக்கு அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் சொல்லியிருக்கிறது. அதற்கும் மேலாக, செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வயலுக்குப் போகும்போது வாய்க்கால் கரையில் நான் ஹெல்மெட் போட்டதில்லை. அங்கே என்னைப் பிடித்து அபராதம் போட்டால் ஒரு வார்த்தை பேசாமல் கட்டுவேன். 2022 அக்டோபரில் 100 ரூபாய் 1,000 ரூபாயாக ஆனதையும் நான் தப்பு சொல்லவில்லை. தலையில் அடிபட்டுப் போன உயிர்களை எங்கள் ஊரிலும் பார்த்திருக்கிறோம்.

சரி, மறுப்பது என்று முடிவு செய்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. பக்கத்துக் காவல் நிலையத்தில் "இது நாங்க போட்டதில்லை" என்றார்கள். ஆர்.சி. பார்க்கும் இடத்தில் "கேஸை முடிச்சிட்டு வாங்க" என்றார்கள். அந்த நகரத்துக்குப் போன் செய்தால் "நேரில் வாங்க" என்றார்கள். எந்த நிலையம், எந்த அலுவலகம் என்று நான் எழுதவில்லை. யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை, அவரவர் வேலை எல்லைக்குள் நின்று பதில் சொன்னார்கள். அப்புறம், வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்தில், அதாவது இணையத்திலேயே நடக்கும் நீதிமன்றத்தில் இருப்பதாகத் தெரிந்தது. அதன் இணையப் பக்கத்தில் இரண்டே வழி: அபராதத்தைக் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்க்கிறேன். எதிர்க்கிறேன் என்று அழுத்த ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. போவது கடைப் பையன் நம்பருக்கு. நம்பரை மாற்ற ஒரு அலைச்சல். மாற்றி, எதிர்க்கிறேன் என்று அழுத்தியதும், வழக்கு சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் ஊரின் வழக்கமான நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

அங்கே இதுவரை மூன்று முறை போய்வந்தேன். முதல் முறை, வழக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். இரண்டாம் முறை நீதிபதி விடுப்பு. மூன்றாம் முறை மூலப்படம் வரவேண்டும் என்று வாய்தா. ஒவ்வொரு முறையும் ராத்திரி பஸ், மறுநாள் முழுக்க நீதிமன்ற வாசல், திரும்ப ராத்திரி பஸ். இரண்டாம் முறை போனபோது இங்கே குறுவை அறுப்பு. அறுவடை எந்திரம் எங்கள் பக்கம் வந்த அன்று நான் ஊரில் இல்லை. வரிசை தப்பி, நாலு நாள் கழித்துத்தான் எந்திரம் கிடைத்தது. நடுவில் பெய்த மழையில் கதிர் சாய்ந்துவிட்டது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நகல் எடுப்பதற்கும் மட்டும் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. செய்தேன் என்று சொல்லியிருந்தால் ஆயிரத்தோடு போயிருக்கும். நான் செய்யவில்லை என்று சொல்ல இவ்வளவு ஆகிறது, இன்னும் முடியவில்லை.

ஐயா, இதுதான் நான் தங்கள் முன் வைக்க வந்த விஷயம். என்னால் கடனோ உடனோ வாங்கி மூன்று முறை போக முடிந்தது. எங்கள் ஊரில் லோடு ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவருக்கும் இதே மாதிரி தவறான சலான் வந்தது. அவருக்கு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கும் தேதி நெருங்கிவிட்டது. எஃப்.சி. இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது, வண்டி நின்றால் தவணை நிற்கும். அதனால் செய்யாத தவறுக்கு அபராதம் கட்டிவிட்டார். அரசாங்கக் கணக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். அவரைப் போல வாய் திறக்காமல் கட்டியவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

லோக் அதாலத்துக்குப் போகலாமே என்று நினைத்து விசாரித்தேன். ஒரு வழக்கறிஞர் அம்மா பொறுமையாக விளக்கினார். லோக் அதாலத் சமரசம் பேசி முடிக்கும் இடம். தவறு செய்தவர் ஒப்புக்கொண்டு பணம் கட்டி, வழக்கை ஒரே நாளில் முடித்துக்கொள்ள அது மிக நல்ல வழி. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி அங்கே ஆன முடிவுக்கு மேல்முறையீடும் கிடையாது. ஆனால் "இந்த வண்டி என்னுடையதே இல்லை" என்று நிற்கிறவருக்கு அங்கே சமரசம் பேச என்ன இருக்கிறது? பாதி ஒப்புக்கொள்கிறேன் என்றா சொல்ல முடியும்?

என் வழக்கில் தீர்ப்பு சொல்லுங்கள் என்று தங்களிடம் கேட்கவில்லை. அது வேறொரு நீதிமன்றத்தின் முன் இருக்கிறது, அங்கேயே முடியட்டும். தங்கள் ஆணைக்குழுவால் ஆகக்கூடிய சிலவற்றை மட்டும் கேட்கிறேன்.

முதலாவதும் முக்கியமானதும் இது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நன்னிலம் போன்ற ஊர்களில் உள்ள நீதிமன்ற வளாகங்களில் மாதத்தில் ஒரு நாளை இ-சலான் மறுப்புக்கென்று ஒதுக்கித் தர வேண்டும். சட்டத் தன்னார்வலர் ஒருவர் அன்று உட்கார்ந்து, படத்தையும் ஆர்.சி.யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மறுப்பு மனுவைத் தமிழில் எழுதிக் கொடுத்து, இணையத்தில் ஏற்றித் தந்தால் போதும். என்னிடம் இருந்ததோ ஒரு நெல் ரசீது. அது சாட்சியம் ஆகும் என்றுகூட எனக்கு முதலில் யாரும் சொல்லவில்லை. இரண்டாவது வாய்தாவுக்குப் பிறகு நானாக யோசித்துத்தான் எடுத்துப் போனேன்.

அடுத்து, வெளியூர் நீதிமன்றத்தில் வழக்கு இருந்தாலும், இங்கே உள்ள நீதிமன்ற இ-சேவை மையத்தில் இருந்து காணொலியில் ஆஜராக வழி செய்ய வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 530-ஆவது பிரிவு, விசாரணைகளை மின்னணு முறையில் நடத்தலாம் என்று சொல்கிறது. சலான் மின்னணுவில் வருகிறது, பணத்தையும் மின்னணுவில் வாங்கிக்கொள்கிறார்கள். மறுப்பவன் மட்டும் ராத்திரி பஸ் ஏற வேண்டியிருக்கிறது. இதற்கு மற்ற மாவட்ட நீதிமன்றங்களின் ஒப்புதல் வேண்டும் என்பது தெரியும். தாங்கள் மாநில ஆணைக்குழுவுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் எழுதினால் அதற்கு எடை உண்டு. எங்களைப் போன்றவர்கள் எழுதினால் அது எங்கே போய்ச் சேரும் என்று தங்களுக்குத் தெரியும்.

வண்டியும் நிறமும் வகையும் படத்தோடு ஒத்துப்போகாத சலான்களை நீதிமன்றம் வரை இழுக்காமல், பதிவு செய்த காவல் பிரிவே சரிபார்த்து நீக்க வேண்டும் என்று காவல் துறைக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் பாதி வழக்கு வராமலே போய்விடும். கைப்பேசி எண் திருத்தும் முகாம் ஒன்றையும் போக்குவரத்துத் துறையோடு சேர்ந்து நடத்தலாம். அதைத் தை மாதத்துக்கு முன்பாக வைத்தால் நல்லது. சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் டெல்டாவில் யாரும் வரமாட்டார்கள், களத்தை விட்டு நகர முடியாது.

இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருப்பதும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அந்த எண்ணைக் கொள்முதல் நிலையங்களிலும் கூட்டுறவுச் சங்க வாசல்களிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். விவசாயி நாள்கணக்கில் நிற்கிற இடம் அதுதான். நீதிமன்றச் சுவரில் எழுதினால் அங்கே வந்தவன்தான் படிப்பான்.

என் அடுத்த வாய்தா டிசம்பரில். நடவு முடிந்து களையெடுப்பு நடக்கும் நேரம். இருந்தாலும் போவேன். அதற்கு அடுத்த வாய்தாவையாவது இங்கிருந்தே பேசி முடிக்கும்படி தாங்கள் ஏற்பாடு செய்து தந்தால், எனக்குப் பின்னால் வருகிறவர்கள் அந்த ராத்திரி பஸ்ஸில் ஏற வேண்டியிருக்காது.

சலான் படத்தின் அச்சு, ஆர்.சி. நகல், 12.02.2024 தேதியிட்ட நெல் கொள்முதல் ரசீது நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள், திருவாரூர்.