குழந்தைக் காசநோய்ப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பொதுக்குழுவுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு சங்கத்தின் வேலை பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. வீட்டில் பெரியவர் ஒருவருக்குச் சளியில் கிருமி தெரிந்துவிட்டது. அந்த வீட்டுக் குழந்தையை யார், எத்தனை நாளில் பார்க்கிறார்கள்?

தொற்றிய குழந்தை ஒரு வயதுக்கு உட்பட்டதானால், தடுப்பு மருந்து இல்லாதபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது நோயாக முற்றுகிறது. ஐந்து முதல் பத்து வயதுக்குள் ஆபத்து வெகுவாகக் குறைந்து, பருவ வயதில் மறுபடி ஏறும். "பிறந்ததும் ஊசி போட்டாச்சே" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். அந்த பி.சி.ஜி. ஊசி காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கடும் வகைகளிலிருந்து காக்கும். நுரையீரல் காசநோய் வராது என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

வீடு வீடாகப் போகும் தொண்டர்கள் "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்பதை நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். "ராத்திரி குழந்தை யார் பக்கத்தில் படுக்கிறது?" என்று கேட்டால்தான் உண்மை வரும். பதில் பெரும்பாலும் பாட்டி. பாட்டிக்குச் சர்க்கரை இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. அவருடைய இருமலையோ "பழைய ஆஸ்துமா" என்று வீட்டார் தள்ளிவிடுவார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை கொடுக்க வாசலுக்கு வருபவரே இரண்டு வார இருமல் உண்டா என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

குழந்தைக்குக் காய்ச்சல், இருமல், எடை ஏறாமை, சோர்வு எதுவும் இல்லையென்று மருத்துவர் பார்த்த பிறகே தடுப்பு மருந்து. ஐசோனியசிட் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் தினமும், ஆறு மாதம். பத்துக் கிலோ குழந்தைக்கு 100 மி.கி. மாத்திரை ஒன்று. மூன்றாவது மாதத்தில்தான் இது நின்றுபோகிறது. ஓடியாடி விளையாடும் பிள்ளைக்கு எதற்கு மருந்து என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

நோயே வந்துவிட்ட குழந்தைகளின் சிகிச்சையில் அடிக்கடி நேரும் தவறு எடையில்தான். பல மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த, கரையும் கூட்டு மாத்திரை தினமும் 4 முதல் 7 கிலோ வரை ஒன்று, 8 முதல் 11 வரை இரண்டு, 12 முதல் 15 வரை மூன்று, 16 முதல் 24 வரை நான்கு. மருந்து வேலை செய்தால் பசி எடுக்கும், எடை கூடும். ஏழு கிலோவில் தொடங்கிய குழந்தை எட்டைத் தொட்டபின்னும் ஒரே மாத்திரை விழுங்கினால் அளவு போதாது. ஆகவே மாதம் ஒருமுறை அங்கன்வாடித் தராசில் நிறுத்தி, அட்டையில் எழுதி, மருத்துவ அலுவலரிடம் காட்ட வேண்டும். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். பால் புட்டியில் போட்டால் குழந்தை மிச்சம் வைத்துவிடும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது அந்த மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தால். இதை முன்கூட்டிச் சொல்லாததால் பயந்து நிறுத்திய தாய்மார் உண்டு.

செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள்தாம் பெரிய தலைவலி. சூளைப் பருவமும் மாதக்கணக்கு, சிகிச்சையும் மாதக்கணக்கு. இரண்டும் ஒன்றாக முடிவதில்லை. கிளம்பும் முன் நிக்ஷய் எண் (அரசின் காசநோய்ப் பதிவேட்டு எண்), கடைசி எடை, மீதி மாத்திரை மூன்றையும் தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் அடுத்த ஊர் சுகாதார நிலையத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சாப்பாட்டைப் பற்றி. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் வீடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கூடுதலாகக் கொடுத்தபோது, புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. நோயாளிக்கு மட்டும் சத்துமாவு கொடுக்கும் நம் பழக்கத்தை மாற்ற இது போதும். காசநோயாளியின் சத்துணவுக்கு அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் ₹1,000. நோயுற்ற குழந்தைக்கும் உண்டு. ஆதார் இணையாத கணக்கால் தொகை திரும்பிப் போகாதபடி முதல் வாரத்திலேயே வங்கிப் புத்தகத்தைப் பாருங்கள்.

பெண் குழந்தை என்றால் கல்யாணப் பேச்சுக்குப் பயந்து மறைக்கிறார்கள். அந்த வீடுகளுக்குப் பெயர்ப்பலகை வண்டியில் போகக் கூடாது. பெண் தொண்டர் ஒருவர் மட்டும் நடந்து போகட்டும்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன்: பருப்பு வீட்டார் அனைவருக்கும், சங்கத்துக்குச் சொந்தமாகக் குழந்தைத் தராசு ஒன்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்