ஏழாவது நிமிடம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் முன்போலத்தான். உன் சுகம் அறிய ஆவல்.

பொங்கலுக்கு உன் பெயருக்கு அனுப்பிய வாழ்த்து அட்டை திரும்பி வந்தது. உறையின் மேல் 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதியிருந்தது. தபாலில் ஏதோ குழப்பம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த அழகான உருண்டை எழுத்து தபால்காரருடையது இல்லை என்பது அவளுக்கும் தெரியும். ஒன்றும் பேசாமல் அட்டையைக் கொண்டுபோய்ச் சாமியறையில் வைத்துவிட்டாள். நானும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. உன் சிநேகிதன் மூலமாக இதை அனுப்புகிறேன். உன் முகவரி அவனிடம் இருக்கிறதாம். அதை அவனிடமிருந்து நான் வாங்கிக்கொள்வது சரியில்லை. நீயே எழுதி அனுப்பு.

தொலைபேசியில் கேட்கலாமே என்பாய். எடுத்தால் மூன்று நிமிடத்தில் 'வேலையில் நிற்கிறேன் அப்பா' என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு என்ன வேலையோ.

நம் சார்ல்டன் கால்பந்துக் கழகத்தின் சீசன் டிக்கெட் விஷயமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. நம்முடைய இரண்டு இருக்கைகளும் அப்படியே இருக்கின்றன. இந்த வருடம் நீ இரண்டு ஆட்டத்துக்குத்தான் வந்தாய். உன் இருக்கையில் என் கோட்டையும் குடையையும் வைக்கிறேன். முன் வரிசைக் கிழவர் முதலில் 'மகன் எங்கே' என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். இப்போது கேட்பதில்லை. அது இன்னும் மோசமாக இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை பக்கத்தில் இருந்த பையன் ஒருவன் தன் தகப்பனிடம், 'ஒரு காலத்தில் நாங்கள் இங்கே விளையாடவில்லையாமே' என்று கேட்டான். அந்த மனிதர் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிட்டார். எனக்கு வாய் துறுதுறுத்தது. நீ இருந்திருந்தால் ஆதியோடந்தமாகச் சொல்லியிருப்பாய். பன்னிரண்டு வயதில் இந்த மைதானத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவன் நீ. 1938இல் ஆஸ்டன் வில்லாவுடன் நடந்த ஆட்டத்துக்கு 75,031 பேர் வந்தார்கள் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அவ்வளவு எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு முகவரி எழுதக் கை வரவில்லை.

உனக்குத் தெரியாத பகுதியைச் சொல்கிறேன். 1985 செப்டம்பரில் நீ கைக்குழந்தை. நாங்கள் இங்கே வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கிறிஸ்டல் பேலஸுடன் ஆட்டம். இரவு வேலை முடித்து, தூங்காமல் போனேன். வாசலில் எல்லார் கையிலும் ஒரு துண்டுத்தாளைத் திணித்தார்கள். ஏதோ விளம்பரம் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மனிதருக்கு அறுபது வயதிருக்கும். தாளைப் படித்தார், மறுபடி படித்தார், பிறகு தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். என் தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். சார்ல்டன் இனி நம் வேலி மைதானத்தில் ஆடாது, கிறிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குப் போகிறது என்றிருந்தது. (அம்மா வைத்த பெயரையே எழுதுகிறேன். வேலி இல்லை அம்மா, பள்ளத்தாக்கு என்று நீ எத்தனை தடவை திருத்தியும் அவளுக்கு அது வேலிதான்.) இடம்பெயர்வதற்காக ஒரு வெள்ளைக்காரர் அழுவதை அன்றுதான் பார்த்தேன். அவரைத் தேற்ற எனக்கு ஆங்கிலம் போதவில்லை. தோளில் கை வைத்தேன். அன்றைக்குத்தான் நான் இந்தக் கழகத்தின் ஆள் ஆனேன்.

நிலம் ஒருவர் கையில், கழகம் இன்னொருவர் கையில். நம் ஊர்க் காணிச் சண்டை மாதிரியேதான். பழைய தலைவரிடமே மைதானம் இருந்தது. மேற்கு அரங்குக்குப் பின்னாலுள்ள துண்டை அவர் தனக்கென்று கேட்டார். அந்த வருடம் மே மாதம் பிராட்ஃபோர்ட் மைதானத்தில் தீப்பிடித்து 56 பேர் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கும் கெடுபிடி. நம் கிழக்குப் பக்கத்தில் சனம் நின்று பார்க்கும் பெரிய படிக்கட்டுகள் ஆபத்தென்று மூடப்பட்டன. செப்டம்பர் 21ஆம் தேதி ஸ்டோக் சிட்டியை 2-0 என்று வென்றுவிட்டு, பூட்டிக்கொண்டு போனார்கள். வென்றுவிட்டுப் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு தெற்கு லண்டனைக் குறுக்கே கடந்து, பஸ் மாறி மாறிப் போய், இன்னொருவர் வீட்டில் நம் ஆட்டத்தைப் பார்த்தோம். சுவரெல்லாம் அவர்கள் நிறம். நம்மவர்கள் பலர் சத்தியம் செய்ததுபோல் வர மறுத்தார்கள். விந்தை என்னவென்றால் அந்த முதல் வருடமே கழகம் முதல் பிரிவுக்கு ஏறியது. 1957க்குப் பிறகு முதல் தடவை. மறு வருடம் இறங்கிவிடும் என்று எல்லாரும் எழுதிவைத்திருந்தபோது, லீட்ஸுடன் நடந்த கடைசி ஆட்டத்தில் பீட்டர் ஷர்ட்லிஃப் கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் போட்டுக் காப்பாற்றினார். பிறத்தியார் வீட்டில் ஒதுங்கியிருந்த காலத்தில்தான் இவ்வளவும். அதனால் அப்படி இருப்பதை நான் ஒரு வெட்கமாக நினைப்பவன் இல்லை. யார் வீட்டில் இருந்தாலும் இரவில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படு. காசைக் கொடுத்துவிட்டுப் போடு, கூச்சப்படாதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் சளி கட்டும்.

1989இல் திரும்பிப் போகலாம் என்று பேச்சு வந்ததும், ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் ரசிகர்களே வேலியைத் துப்புரவாக்கக் கூடினார்கள். ஊரில் குளம் வெட்டுவதற்குச் செய்யும் சிரமதானம்போல ஆயிரக்கணக்கில் சனம். படிக்கட்டுகளில் பற்றையும் இளமரங்களும் முளைத்திருந்தன. அம்மாவின் தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். நீ என் தோளில். மைதானத்தின் நடுவே குப்பையைக் குவித்துக் கொளுத்தியபோது நீ பயந்து என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாய். கத்தி அன்றே முனை மழுங்கிவிட்டது. அம்மா அதை இன்றுவரை சொல்கிறாள்.

அவ்வளவு செய்தும், 1990 ஜனவரியில் கிரீனிச் நகரசபை அனுமதி தரவில்லை. அதற்குப் பதிலடியாக ரசிகர்கள் கட்சியே தொடங்கினார்கள். வேலிக் கட்சி! மே மாதத் தேர்தலில் 14,838 வாக்கு. ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. ஆனால் திட்டக்குழுத் தலைவர் தோற்றுப்போனார். இந்த நாட்டில் நான் போட்ட முதல் வாக்கு அதுதான். ஊரில் வாக்குப் போட்டு என்ன கண்டோம், இங்கே பந்துக்குப் போய்ப் போடுகிறீர்களே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நகரசபை பிற்பாடு இணங்கியது. அதற்குள் பேலஸ் வீட்டிலிருந்தும் கிளம்பி, தேம்ஸைத் தாண்டி வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க்கில் ஒண்டவேண்டி வந்தது. காசு போதாமல், ரசிகர்கள் வருங்கால டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். 1992 டிசம்பர் 5ஆம் தேதி திரும்பி வந்தோம். போனதிலிருந்து 2,632 நாள். நேற்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் பார்த்தேன்.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். மூன்று தடவை நிறுத்தினேன்.

அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். உனக்கு ஏழு வயது. 'பரவாயில்லை அப்பா, ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்கிறேன்' என்றாய். டிக்கெட் கிடைத்திருந்தது தம்பி. இரண்டு. என் கோட்டின் உள்பையில் இருந்தன.

சித்தப்பாவை ஊரிலிருந்து வெளியே எடுக்க ஏஜென்சிக்குக் கட்டிய காசில் பாதி யாருடையது என்று உனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். ஐந்து மாதமாக வட்டிகூடக் கொடுக்கவில்லை. அந்த மனிதர் ஒருநாள் பெற்றோல் நிலையத்துக்கு வந்து நின்று, காசைப் பற்றி ஒன்றும் கேட்காமல், வேலி திறக்கிறார்களாமே, பார்க்க ஆசை என்றார். நான் விளங்கிக்கொண்டேன். அன்று காலை வேலைச் சட்டையைப் போட்டு அதன்மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வந்தவர்கள் 8,337 பேர். அவர்களில் அவரும் ஒருவர். ஏழாவது நிமிடத்தில் கொலின் வால்ஷ் அடித்தார். அந்த ஒரு கோல்தான். எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். அவர் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. இடைவேளையில், குளிர்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் பாதி முழுவதும் என் பக்கத்து இடம் காலி. வீடு பத்து நிமிட நடை. ஓடிவந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். வாசலில் விட்டிருப்பார்களோ இல்லையோ, கேட்டாவது பார்த்திருக்கலாம். நான் எழும்பவில்லை. எழும்பினால் சொன்ன பொய்யை அவிழ்க்கவேண்டும். கடன்காரன் என்பதை உனக்குச் சொல்லவேண்டும். முடிந்தவரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நீ படியில் காத்திருந்தாய். 'அப்பா, போர்ட்ஸ்மவுத்துக்கு நாங்கள் கோல் போட்டுவிட்டோம். தொடங்கிய சத்தம் கேட்டது, எண்ணிக்கொண்டே இருந்தேன், ஏழு நிமிடத்தில் பெரிய சத்தம்' என்று மூச்சுவிடாமல் சொன்னாய். 'அப்படியா!' என்றேன். எதுவும் தெரியாதவன்போல் 'யார் போட்டது' என்றும் கேட்டேன். உனக்கு அது தெரியவில்லை என்று முகம் வாடிப்போனது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இதை அம்மாவிடமும் போன வாரம்தான் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. 'வீட்டில் ஒன்றையும் சொல்லாமல் தனியே வைத்து அழுத்துகிற பழக்கம் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்' என்றாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

வேலி வாசலில் நிற்கிற சாம் பார்ட்ராம் சிலையைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பனிமூட்டக் கதையைச் சொல்லச் சொல்லி என் கையைப் பிடித்து இழுப்பாள் உன் சின்னவள். 1937 கிறிஸ்துமஸ் அன்று செல்சி மைதானத்தில் பனி மூடி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். நம் பந்துக்காப்பாளர் பார்ட்ராமுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நம் பக்கம் நன்றாகத் தாக்கி ஆடுகிறது போலிருக்கிறது, அதுதான் பந்து இந்தப் பக்கம் வரவில்லை என்று மனுஷன் கோலிலேயே நின்றுகொண்டிருக்கிறார். கால்மணி நேரம் கழித்து ஒரு போலீஸ்காரர் வந்து சொன்ன பிறகுதான் தெரியும். சின்னவள் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. நானும் அம்மாவும் நவம்பரிலிருந்து அப்படித்தான் நிற்கிறோம். எதிரே ஒன்றும் தெரியவில்லை, பந்தும் வரவில்லை. எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது போலும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். கோயிலில் யாரோ ஒருவர் வாயால் அறிவதைவிட நீ வந்து சொன்னால் நல்லது. நீ சொல்லும்போது நான் நடுவில் பேசமாட்டேன். போன தடவை பேசியது பிழை. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. நாற்பது வயதுப் பிள்ளையிடம் சொல்கிற வார்த்தை இல்லை. எந்த வயதுப் பிள்ளையிடமும் இல்லை.

டிக்கெட்டுக்குக் காசு கட்ட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இரண்டு இருக்கைக்கும் கட்டவா, ஒன்றுக்கு மட்டும் போதுமா என்று எழுது. ஒன்று போதுமென்றால் அதையும் எழுது, நான் கோபிக்கமாட்டேன். சனிக்கிழமைகளில் சின்னவள் உன்னோடு இருப்பாள் என்றால் அவளுக்கும் சேர்த்துக் கேட்டுப்பார்க்கிறேன்.

பதில் போடும்போது உறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரியை எழுத மறக்காதே. அம்மா உள்ளே இருப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பாள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: மேல்மாடியில் உன் அறையின் ஹீட்டரைத் திருத்தியாகிவிட்டது. சும்மா சொல்லிவைக்கிறேன்.