குதிரைத்திறனைப் பிறகு பார்க்கலாம்: பழைய படகு வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஃபுளோரிடாவில் நீ வாங்கிய ஸ்காரப்பின் படங்களைப் பார்த்தேன். 1980களின் 30 அடி வேகப்படகு, இரண்டு 454 கன அங்குல மெர்க்ரூஸர் எஞ்சின்கள், எஞ்சினின் திறனைப் பின்பலகை வழியே ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் டிஆர்எஸ் டிரைவ். நல்ல பொருள்தான் வாங்கியிருக்கிறாய். ரே ஹன்ட் வடிவமைத்த ஆழ்ந்த ‘வி’ அடிப்பாகத்துடன் டிக் பெர்ட்ராமின் ‘மாப்பி’ படகு 1960இல் மயாமி–நாசோ பந்தயத்தை வென்றது. அதற்குப் பிறகு வந்த வேகப்படகுகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போயின. உன் படகும் அந்தப் பரம்பரைதான். அலையை வெட்டிக்கொண்டு போகும் அந்த அடிப்பாகத்துக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. அதற்காக எஞ்சினில் பணம் போடலாம்.

ஆனால் உன் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு எஞ்சினிலும் 600 குதிரைத்திறன் எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறாய். இப்போது இருப்பது 330. எடையை மாற்றாமல் திறனை மட்டும் கூட்டினால், வேகம் ஏறத்தாழ அதன் வர்க்கமூலத்தின் அளவில்தான் ஏறும். படகு இன்று மணிக்கு 60 மைல் ஓடுகிறது என்று வை. 420 குதிரைத்திறனில் 67, 68 மைல் வரும். 600இல் கணக்குப்படி 80ஐத் தொடும். ஆனால் அந்த டிரைவும் கியர்பெட்டியும் 330, 370 திறன் எஞ்சின்களோடு விற்கப்பட்டவை. டிஆர்எஸ் உதிரிபாகங்கள் கிடைப்பதே இப்போது அரிதாகி வருகிறது. 600 என்றால் டிரைவையும் மாற்ற வேண்டும், படகின் பின்பலகையையும் வெட்டித் திருத்த வேண்டும். 420 போதும். அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடச் சொல்கிறேன்.

இதே 454 காரில் இருந்தால், சமமான சாலையில் தன் பலத்தில் சிறு பங்கைத்தான் செலவழிக்கும். படகில் அது முழுச் சுமையோடு மலைப்பாதை ஏறும் லாரியைப் போல இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் கார்ப் பந்தயக்காரர்கள் சொல்லும் எஞ்சின் அமைப்பு இங்கே உதவாது. அவர்களுக்குச் சில நொடிகள் தாங்கினால் போதும், உனக்கு ஒரு மதியம் முழுக்கத் தாங்க வேண்டும்.

முதலில் சிலிண்டர்கள் அடங்கிய வார்ப்பிரும்பு உடலான பிளாக்கைப் பார். நேரடியாகக் கடல்நீரால் குளிரூட்டப்பட்ட எஞ்சின் என்றால் எனக்குப் பெரிய பயம் அதுதான். உலோக பிளக்குகளைத் தட்டி எடுத்துவிட்டு விளக்கை அடித்துப் பார். சிலிண்டர்களின் அடியில் மணலும் துருச் செதிலும் கெட்டியாக அடைந்து கிடக்கும். தண்ணீர் பாய்ச்சினால் போகாது, கம்பியால் குத்திக் கிளறினால்தான் பெயரும். பிஸ்டன் ஓடும் பக்கம் பளபளவென்று இருக்கும். அதே சுவரின் மறுபக்கத்தை உப்பு அரித்திருக்கும். ஆகவே துளையைக் கடைந்து பெரிதாக்கும் (ரீபோர்) முன் ஒவ்வொரு சிலிண்டரின் சுவர்த் தடிமனையும் அல்ட்ராசோனிக் மானியால் பல இடங்களில் அளக்கச் சொல். ‘வேண்டாம், பழக்கத்தில் தெரியும்’ என்று சொல்லும் பட்டறையிலிருந்து பிளாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடு. 4.25 அங்குலத் துளையை 4.28 ஆக்கினால் போதும். 4.31 வரை போகலாம் என்று சிலர் சொல்வார்கள். உப்பு தின்ற பிளாக்கில் அதற்கு நான் ஒப்ப மாட்டேன்.

பழைய ஆயில் கூலரைக் கழுவிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதே. பேரிங் தேய்ந்த எஞ்சினின் உலோகத் தூள் அதன் குழல்களுக்குள் தங்கியிருக்கும். எப்படிக் கழுவினாலும் முழுதாக வராது. புது எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சூடான எண்ணெய் அதை அரித்துக்கொண்டு நேராகப் புது பேரிங்குக்குக் கொண்டுபோகும். கூலரும் குழாய்களும் புதிதாகவே இருக்கட்டும். புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டும் அதன் மேல் நிற்கும் ரைசர் குழாயும் அப்படித்தான். உப்புநீரில் ஐந்தாறு ஆண்டு ஓடிய வார்ப்பிரும்பு வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே எந்த இடத்தில் ஓட்டை விழும் என்று சொல்ல முடியாது. அந்த ஓட்டை வழியே வரும் நீர் சிலிண்டருக்குள்தான் போய்ச் சேரும்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் (கேம்) விஷயத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. கார் கேமில் இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் அதிகம். படகில் வெளியேற்றுப் புகையோடு குளிரூட்டிய நீரும் கலந்தே போகிறது. மெல்ல ஓடும்போது அந்த நேரத்தில் எஞ்சின் மூச்சை உள்ளிழுத்தால் நீரும் உள்ளே வரும். எனவே மரைன் கேமே வாங்கு, லோப் (வால்வைத் தள்ளும் மேடு) இடைவெளி 112 முதல் 114 டிகிரி. ரோலர் வகையாக இருந்தால் நல்லது. கேமில் உராயும் தட்டையான டாப்பெட் என்றால் துத்தநாகம் கூடிய எண்ணெய் ஊற்றி, முதல் இருபது நிமிடம், நிமிடத்துக்கு 2000 சுழற்சிக்குக் குறையாமல் ஓட்டிப் பழக்க வேண்டும். கரையில் வைத்து ஓட்டினால், குளிரூட்டத் தோட்டக் குழாய் நீர் அந்த நேரத்துக்குப் போதாமல் போகலாம். இரும்பு ஹெட்டோடு அழுத்த விகிதத்தை 9க்கு மேல் ஏற்றாதே. படகுத்துறையில் கிடைக்கும் 89 ஆக்டேனுக்கு அதுதான் எல்லை.

இரண்டு எஞ்சின்களும் ஒரே திசையில் சுழல்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பொருள் வாங்கு. எதிர்த்திசை எஞ்சினுக்கு ஸ்டார்ட்டர், பின் எண்ணெய் சீல், கேமைச் சுழற்றும் அமைப்பு எல்லாம் வேறு. எரியூட்டும் வரிசையும் 1-8-4-3-6-5-7-2 ஆக இருக்காது. ஒரே பெட்டியில் இரண்டு எஞ்சினின் பாகங்களையும் போட்டு வைக்காதே.

எஞ்சின்களை இறக்கிய நாளில் படகின் உள்ளே இறங்கு. எஞ்சின் உட்காரும் நீளக் கட்டைகளையும் பின்பலகையையும் சுத்தியலால் தட்டிப் பார். ஃபைபர் கண்ணாடிக்குள் ஒட்டுப்பலகைதான்; ‘டங்’ என்று கெட்டியாக ஒலித்தால் சரி, மந்தமாக ஒலித்தால் அழுகியிருக்கிறது. அது தெரிந்தால் குதிரைத்திறன் பேச்சை இந்த ஆண்டுக்கு மூட்டைகட்டி வை. அந்தப் பலகைதான் டிரைவின் தள்ளுவிசை முழுவதையும் வாங்குகிறது.

இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கார்க்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரெட்டர் எதையும் படகுக்குள் வைக்காதே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடித்தளத்தில் இறங்கித் தேங்கும். மரைன் பாகங்கள் தீப்பொறி வெளியே வராதபடி மூடப்பட்டவை. காற்று வடிகட்டி இருக்கும் இடத்தில் தீத்தடுப்பான் இருக்க வேண்டும். சாவியைத் திருப்பும் முன் நான்கு நிமிடம் ஊதுவிசிறி ஓடட்டும்.

ப்ரொப்பெல்லரை இப்போதே வாங்காதே. எஞ்சின்கள் பழகிய பிறகு முழுத் த்ராட்டிலில் எத்தனை சுழற்சி வருகிறது என்று குறித்து அனுப்பு. அதற்கேற்ப ப்ரொப்பெல்லரின் பிட்ச்சை (ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறும் என்ற அளவை) சொல்கிறேன்.

இப்போதைக்குப் பட்டறைக்காரரிடம் பதினாறு சிலிண்டர்களின் தடிமன் அளவையும் எழுதி வாங்கிப் படம் எடுத்து அனுப்பு. அது வந்த பிறகுதான் பிஸ்டனுக்குப் பணம் கட்ட வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்