நீ கொடுத்த புரோட்டியா

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை, மன்னித்துவிடு. நீ கொடுத்த அரசப் புரோட்டியா, அந்தத் தென்னாப்பிரிக்கப் பூச்செடி, செத்துவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது எழுதலாம். அது சாகவில்லை.

குளிர்காலத்தில் ஓர் இரவு வானத்தில் ஒரு மேகமில்லை, காற்றும் அசையவில்லை. விடிந்து பார்த்தால் சரிவின் கீழ்ப்பாத்தி முழுவதும் உறைபனி. வீட்டுச் சுவரருகே வெப்பமானி மைனஸ் 2 காட்டியது. கீழே வேலியடியில் மைனஸ் 6! ஒரே தோட்டத்துக்குள் நான்கு டிகிரி வேறுபாடு. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலச் சரிவில் இறங்கி ஓடும் என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! அடர்ந்து வளரட்டும் என்று நான் நெருக்கி நட்ட உயிர்வேலி அதற்கு அணை கட்டிவிட்டது. இரவு முழுவதும் குளிர் அங்கேயே தேங்கி நின்றிருக்கிறது. நட்ட அன்றே "இடைவெளி விடு" என்றாய். நான் கேட்கவில்லை.

லூக்கோஸ்பெர்மம் செடிகள் மூன்றும் போய்விட்டன. ஊசி குத்திவைத்த பந்து போன்ற அந்த ஆரஞ்சுப் பூக்களை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. அதே பாத்தியில் கிரெவில்லியா விக்டோரியே ஓர் இலைகூடக் கருகாமல் நிற்கிறது. ஆஸ்திரேலியச் செடி என்றாலே வெயில் வேண்டும் என்று சாதிக்கும் உன் அண்ணனிடம் சொல்: அதன் சொந்த இடம் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மலைகள், அங்கே பனி பெய்யும்.

புரோட்டியாவுக்கு வருகிறேன். இலையெல்லாம் பழுப்பேறி, தண்டு கறுத்து நின்றது. மச்சான் அக்கறையோடு எலும்புத்தூள் எடுத்து வந்தான், நல்லவேளை, தடுத்துவிட்டேன். எலும்புத்தூளில் பாஸ்பரஸ் அதிகம், புரோட்டியாவோ பாஸ்பரஸ் அரிதான மண்ணில் பிறந்த குடும்பம். கொத்துக் கொத்தான மெல்லிய வேர்களால் கிடைத்ததையெல்லாம் உறிஞ்சும். அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. பட்ட தண்டுகளை வெட்டவும் மனம் வரவில்லை. போன வாரம் அடியில் சருகை விலக்கினேன். மண்ணோடு ஒட்டிய தடித்த அடிக்கட்டையில் ஐந்து சிவந்த மொட்டுகள்! அதன் சொந்த இடமான தென்னாப்பிரிக்கக் கேப் பகுதியின் புதர்க்காடுகள் அவ்வப்போது தீப்பிடித்து எரியும். மேலே எல்லாம் கருகினாலும் அரசப் புரோட்டியா அந்த அடிக்கட்டையிலிருந்துதான் மீண்டும் தழைக்கும். தீக்கென்று வைத்திருந்த மொட்டுகள் உறைபனியிலும் அதைக் காப்பாற்றிவிட்டன. மண்ணில் உட்கார்ந்து அவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி உன் விஷயம். புதிய தோட்டத்தின் கீழ் எல்லையில் கற்சுவர் எழுப்பப் போவதாக எழுதியிருந்தாய். எனக்கு அறிவுரை சொன்ன நீயா இதைச் செய்வது? வேண்டாம். கட்டியே ஆகவேண்டுமென்றால் அடியில் அகலமான திறப்புகள் வை. உன் பாங்க்சியாச் செடிகளைக் கிழக்கு வெயில் நேராக அடிக்கும் இடத்தில் வைக்காதே. உறைந்த இலை விடிந்ததும் சட்டென்று உருகினால் சேதம் கூடும், மெல்ல உருகட்டும். உன் மண்ணில் இரவு எங்கே குளிர் தேங்குகிறது என்று ஒரு குளிர்காலமாவது பார்த்த பிறகு நடு. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

என் வேலியின் அடிப்பகுதியை இரண்டடி உயரத்துக்குக் கழித்துவிட்டேன். மூன்று இடங்களில் வழியும் திறந்தாயிற்று. வேலியடி வெப்பமானி அதே இடத்தில்தான் தொங்குகிறது. கிரெவில்லியாவில் வெட்டிவைத்த குச்சிகளில் இரண்டு வேர்விட்டிருக்கின்றன, இரண்டும் உனக்குத்தான். வந்து எடுத்துப் போ.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து பெஞ்சுக்காரன்