வரலாறு மேஜர்: துறை சிறிதென்றால் எதைக் கேட்க வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உயர்கல்விப் பக்கங்களில் வரலாறு என்ற பாடம் தலைகாட்டினால் பேச்சு இரண்டு திசையில்தான் போகிறது. ‘வேலை கிடைக்காது’ என்பார் ஒருவர். ‘வரலாறு தெரியாத சமூகம் உருப்படாது’ என்பார் இன்னொருவர். மூன்று நான்கு ஆசிரியர்களே உள்ள ஒரு சிறிய அரசுக் கல்லூரியில் வரலாற்றை மேஜராக எடுக்கப்போகிற மாணவருக்கு இந்த இரண்டாலும் ஒரு பயனும் இல்லை.

அவர் முதலில் செய்ய வேண்டியது, கையேட்டில் அச்சாகியிருக்கும் பாடப்பட்டியலை நம்பாமல் இருப்பது. பட்டியல் நீளமாக இருக்கும், நடத்த ஆள் இருக்காது. ஆகவே ஓர் எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம், ஒன்றுவிட்டு ஒரு வருடம்தான் நடக்கும். நடத்துகிறவர் நீண்ட விடுப்பில் போய்விட்டால் அதுவும் இல்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தத் தாள்கள் உண்மையில் நடந்தன என்று துறையிலேயே கேட்கலாம், சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்து முதல் வருடமே கணக்குப் போட்டுவிட வேண்டும். இரண்டாம் ஆண்டில் விட்ட தாள் மறுபடி வருவதற்குள் பட்டமே கைக்கு வந்துவிடும்.

வரலாற்று வரைவியல் (வரலாறு எப்படி எழுதப்பட்டு வந்தது என்ற பாடம்), ஆய்வு முறை ஆகிய தாள்களை ‘வறட்சி’ என்று சொல்லிக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளுவது ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு. புராஜெக்ட் எழுதுவதும் அதே செமஸ்டரில்தான். சான்றை எப்படிச் சோதிப்பது என்று வகுப்பில் கேட்கும் வாரத்தில், சோதிக்காத சான்றை வைத்து இரண்டாம் இயலை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நூலகம் சிறியது என்ற குறை இப்போது பாதியாகிவிட்டது. பதிப்புரிமை முடிந்த நூல்களும் பழைய கல்வெட்டுத் தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பொறி இருப்பதும் அங்கேதான். இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் பழையவை. அவற்றை மட்டும் படித்தால் நூறு வருடத்துக்கு முந்தைய முடிவையே புது முடிவு என்று எழுத நேரிடும். தலைப்பை ஒட்டிய அண்மைக் கட்டுரை ஒன்றையாவது பிடித்து, அதன் அடிக்குறிப்புகளைப் பின்தொடர வேண்டும். நூலகங்களுக்கிடையே இரவல் வாங்கும் வசதி இருந்தால் செமஸ்டர் தொடங்கும் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. புத்தகம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம்.

புராஜெக்ட் தலைப்பில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ‘பெண் கல்வி: ஒரு வரலாற்றுப் பார்வை’ என்று தலைப்பு வைத்தால், ஐந்து புத்தகங்களைச் சுருக்கி ஆறாவது புத்தகம் எழுதியதாகத்தான் முடியும். சிறிய கல்லூரியில் படிப்பவர் தலைப்பைத் தேடுவதற்கு முன் சான்றைத் தேட வேண்டும். ஒரே பள்ளியின் பத்து வருடச் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறதா? அதில் வயது, தந்தையின் தொழில், பள்ளியை விட்ட தேதி ஆகிய மூன்று பத்திகள் ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கின்றனவா? அப்படியானால் ‘எந்த வகுப்பில், எந்த மாதத்தில் பெண்கள் நின்றார்கள்’ என்பதே போதுமான கேள்வி. பதிவேட்டைப் பார்க்க எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே தலைப்பைப் பதிவுசெய்ய வேண்டும். முறை மாறினால் தலைப்பு இருக்கும், பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்கும்.

சான்று கைக்கு வந்தபின் அதிகம் கவிழ்ப்பது தேதி. சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது 1746இல். ஆங்கிலேயர் ஆவணப்படி அது செப்டம்பர் 10, பிரெஞ்சு ஆவணப்படி செப்டம்பர் 21. நாள் ஒன்றேதான். பிரெஞ்சுக்காரர்கள் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். பிரிட்டன் மாறியது 1752இல், செப்டம்பர் 2க்கு மறுநாளை 14 என்று வைத்து. இது தெரியாதவர் கோட்டையை இரண்டு முறை சரணடைய வைத்துவிடுவார். அதோடு போகவில்லை. அந்த மாற்றத்துக்கு முன் இங்கிலாந்தின் சட்டப்படி வருடம் பிறப்பது மார்ச் 25இல். ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதத்தில் ‘1746 ஜனவரி’ என்றிருந்தால், பெரும்பாலும் அது நம் கணக்கில் 1747. அதே காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்போடு ஒப்பிடுகிறவருக்கும் இதே வேலை உண்டு. தமிழ் அறுபது வருடச் சுற்றில் வரும் அட்சய வருடம் 1746 ஏப்ரலில் தொடங்குகிறது, அதனால் அட்சய வருடத்துத் தை மாதம் 1747இல் விழும்.

கல்வெட்டில் தவறு இன்னும் பெரிதாகும். சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்று மாறிமாறிப் பட்டம் சூடினார்கள். ‘கோப்பரகேசரி வர்மற்கு யாண்டு’ (பரகேசரி அரசனின் ஆட்சியாண்டு) என்று மட்டும் கண்டால் அது முதலாம் பராந்தகனாகவும் இருக்கலாம், உத்தம சோழனாகவும் இருக்கலாம், முதலாம் இராசேந்திரனாகவும் இருக்கலாம். பராந்தகன் பட்டமேறியது 907இல், இராசேந்திரன் 1012இல். தவறான ஆளைப் பிடித்தால் நூறு வருடம் போச்சு. ‘மதிரை கொண்ட’ (மதுரையை வென்ற) என்ற அடை முன்னால் இருந்தால் பராந்தகன். ‘திருமன்னி வளர’ என்று மெய்க்கீர்த்தி, அதாவது அரசன் புகழ் பாடும் முகப்பு வரிகள், தொடங்கினால் இராசேந்திரன். இரண்டும் இல்லையென்றால் எழுத்தமைதி (எழுத்துகளின் வடிவம்), கல்வெட்டில் வரும் அதிகாரிகளின் பெயர்கள் என்று சுற்றிவளைத்துத்தான் வர வேண்டும். அப்போதும் ‘இருக்கலாம்’ என்றே எழுத வேண்டும்.

குறிப்பெடுக்கும் முறையில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு தாளில் ஒரு செய்தி. மேலே நூல் அல்லது ஆவணத்தின் பெயர், தொகுதி, பக்கம். தேதியை மூலத்தில் உள்ளபடி ஒரு வரியில், மாற்றிய தேதியை அடுத்த வரியில். மூலத்தின் சொற்களை மேற்கோள் குறிக்குள்ளும், தன் சொற்களை வேறு நிற மையிலும் எழுதுவது நல்லது. இரண்டும் ஒரே மையில் கலந்து கிடந்தால் ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று தெரியாது. திருட்டு எழுத்து என்று மாட்டுகிறவர்களில் சிலர் உண்மையில் திருடர்கள் அல்லர், குறிப்பேடு சரியில்லாதவர்கள். கைபேசியில் ஆவணத்தைப் படமெடுத்தால் முதலில் அது இருந்த ஆவணக் கட்டின் முகப்பைப் படமெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நானூறு படங்கள் இருக்கும், எது எந்தக் கட்டு என்று சொல்ல முடியாது.

சிறிய துறையின் உண்மையான பலம், எழுதியதை ஆசிரியர் படிப்பார் என்பது. பெரிய வளாகங்களில் இது அவ்வளவு எளிதில் வாய்க்காது. ஆனால் அதற்கு வரைவு வேண்டும். கெடுவுக்கு முந்தைய நாள் நீட்டினால் எழுத்துப்பிழையைத்தான் திருத்த முடியும். ஆறு வாரம் முன்பு கொடுத்தால் வாதத்தையே திருப்பிப்போடலாம். இதில் ஒரு குறையும் உண்டு. மூன்று வருடமும் அதே நான்கு பேரிடம் படித்தால் அவர்களுடைய சாய்வும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். அதனால் வரைவின் ஒரு பிரதி தமிழ்த் துறைக்கோ பொருளியல் துறைக்கோ போக வேண்டும். ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று பக்க ஓரத்தில் அதிகமாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த அடுத்த துறைக்காரர்கள்தான்.

இப்படிக்கு,
வரலாறு கற்பிக்கும் வாசகர் ஒருவர்