நடுவழியில் நின்றால் யார் வருவார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூந்தமல்லி – முல்லைத் தோட்டம் இடையே 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் நடந்ததிலிருந்து, சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் பற்றிய செய்தி எதுவானாலும் ‘ஓட்டுநர் இல்லா ரயில்’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டே வருகிறது. மெச்சுகிறவர்களும் சரி, அஞ்சுகிறவர்களும் சரி, முன்பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். சிக்னல் துறையில் கேட்கும் கேள்வி வேறு. வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது, நிலையத்தில் சரியான இடத்தில் நிறுத்துவது, கதவை மூடிப் புறப்படுவது, கோளாறு வந்தால் சமாளிப்பது என ரயிலோட்டத்தில் நான்கு வேலைகள் உண்டு. இவற்றில் எது மனிதர் கையில், எது கருவியின் பொறுப்பில் என்பதை வைத்துச் சர்வதேசத் தரநிலை 0 முதல் 4 வரை படிகள் வகுத்திருக்கிறது. ‘ஜிஓஏ’, அதாவது தானியக்க நிலை, என்று சொல்வார்கள்.

ஏசி இல்லாத கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலில் நான்கு வேலைகளும் மனிதர்களுடையவை. இது 0 படி. மோட்டார்மேன் சிக்னலைக் கண்ணால் பார்த்து ஓட்டுகிறார். பின்னால் இருக்கும் கார்டு மணி கொடுத்தால்தான் வண்டி நகரும். கதவைப் பயணிகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார்மேன் மயங்கிக் கைப்பிடியை விட்டுவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும். தானியங்கி சிக்னல் சிவப்பாக இருந்தால் பகலில் 1 நிமிடம், இரவில் 2 நிமிடம் நின்று, முன்னால் வண்டி நிற்கலாம் என்ற எச்சரிக்கையோடு மெதுவாகத் தாண்டிப் போக விதியே இடம் தருகிறது. அந்த இடத்தில் காப்பது அவருடைய கண்ணும் நிதானமும்தான். ரயில்வேயின் ‘கவச்’ என்ற மோதல் தடுப்புக் கருவி போன்ற அமைப்பு பொருத்தி, வேகம் மீறினால் கருவியே பிரேக் பிடிக்கும் நிலை வந்தால் அது முதல் படி.

2015-ல் தொடங்கிய முதல் கட்ட மெட்ரோ இரண்டாம் படியில் ஓடுகிறது. வேகமும் நிறுத்தமும் கணினியின் வேலை. ஓட்டுநர் பயணிகள் ஏறி இறங்குவதைக் கவனித்துக் கதவை மூடிப் புறப்பாட்டுப் பொத்தானை அழுத்துகிறார். மூன்றாம் படிக்கு லண்டன் டாக்லேண்ட்ஸ் ரயில் நல்ல உதாரணம். 1987 முதல் அங்கே ஓட்டுநர் அறை கிடையாது, பெட்டிக்குள் நடமாடும் ஊழியர் ஒருவர் கதவைப் பார்த்துக்கொள்கிறார். சென்னையில் 118.9 கி.மீ. நீளத்துக்கு அமையும் இரண்டாம் கட்டம் நான்காம் படிக்காக வடிவமைக்கப்பட்டது. அங்கே ரயிலுக்குள் ஊழியரே தேவையில்லை என்பது கணக்கு.

இதில் லாபம் உண்டு, மறுப்பதற்கில்லை. காணும் பொங்கலன்று கலங்கரை விளக்கம் நிலையத்தில் கூட்டம் முட்டினால், ஓட்டுநர்களின் பணிமுறைப் பட்டியலைப் புரட்டாமலே பூந்தமல்லி பணிமனையிலிருந்து கூடுதல் ரயில்களை இறக்கலாம். கடைசி நிலையத்தில் ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போகும் நேரமும் மிச்சம்.

சிக்கல் கதவிலும் ரேடியோவிலும் இருக்கிறது. ரயில் கதவின் உணரி (சென்சார்) பொதுவாக ஓரளவு தடிமனான பொருளைத்தான் தடையாக எடுத்துக்கொள்ளும். புடவைத் தலைப்பு, துப்பட்டா, பையின் வார் இவையெல்லாம் அதற்குத் தெரியாது. 2023 டிசம்பரில் டெல்லி இந்தர்லோக் நிலையத்தில் ஆடை கதவில் சிக்கி ஒரு பெண் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். அந்த ரயிலில் ஓட்டுநர் இருந்தார். ஆகவே ஆள் இருந்தால் போதும் என்பதும் சரியல்ல. நடைமேடை விளிம்பில் தடுப்பாக நிற்கும் நடைமேடைக் கதவும் ரயில் கதவும் இரண்டுமே பூட்டிவிட்டன என்று சிக்னலுக்குத் தகவல் போனால்தான் வண்டி புறப்படும் என்ற பிணைப்பு இதற்காகத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிணைப்பே தலைவலியாகவும் ஆகும். ஒரே ஒரு நடைமேடைக் கதவின் பூட்டு உணரியில் தூசி படிந்தாலோ, அது சற்று விலகினாலோ மொத்த ரயிலும் நிற்கும். நிலைய ஊழியர் வந்து, எந்தக் கதவு என்று கண்டு, சாவி போட்டு அதை மட்டும் விலக்கி வைக்க வேண்டும்.

ரேடியோ விஷயம் இதைவிடக் கடினம். நான்காம் படியில் ரயிலுக்கும் தரைக்கும் இடையே ரேடியோவில் ஓயாமல் தகவல் போய் வர வேண்டும். சில விநாடிகள் அறுந்தால் அவசர பிரேக். சிங்கப்பூரில் ஓட்டுநரில்லாத சர்க்கிள் பாதையில் 2016 ஆகஸ்டிலும் மீண்டும் நவம்பரிலும் ரயில்கள் காரணம் தெரியாமல் அங்கங்கே நின்றன. நின்ற ரயில்களைச் சோதித்தால் பழுது எதுவும் இல்லை. நேரத்தையும் இடத்தையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோதுதான், எதிர்த்திசையில் கடந்துபோன பிவி46 என்ற ஒரே ரயில் மாட்டியது. அதன் சிக்னல் கருவி அனுப்பிய தவறான அலைகள் பக்கத்து ரயில்களின் தொடர்பை அறுத்திருந்தன.

இப்படி நிலையங்களுக்கு நடுவே ரயில் நின்றுவிட்டால் என்ன நடக்கும்? முதல் கட்டத்தில் ஓட்டுநர் கட்டுப்பாட்டு அறையின் அனுமதியோடு கட்டுப்பாட்டு வேகத்துக்கு மாற்றி, பொதுவாக மணிக்கு 25 கி.மீ.க்குள், அடுத்த நிலையம் சேர்த்துவிடுவார். நான்காம் படியில் முதலில் தொலைவிலிருந்தே மறுதொடக்கம் செய்து பார்ப்பார்கள். பலிக்காவிட்டால் பக்கத்து நிலையத்திலிருந்து பயிற்சி பெற்ற ஒருவர் நடந்தே போய், முன்னால் மூடி வைத்திருக்கும் ஓட்டுப் பலகையைச் சாவியால் திறந்து ஓட்டி வர வேண்டும். அவர் பாதையில் நடக்கும்வரை பக்கத்துத் தடத்து ரயில்களையும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். அதற்குள் மின்சாரமும் போயிருந்தால் ஏசி நிற்கும். பேட்டரி தாங்குவது விளக்கையும் அவசரக் காற்றோட்டத்தையும் மட்டும்தான், அதுவும் பொதுவாக முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு. ஜன்னல் திறக்காது. மே மாத நண்பகலில், உயர்பாதையில், நெரிசலாக நிற்கும் பெட்டியில் எவ்வளவு நேரம் பொறுப்பார்கள்? யாராவது ஒருவர் அவசரக் கைப்பிடியை இழுத்துக் கீழே இறங்கினால் போதும், உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்து இரு திசையிலும் சேவையை நிறுத்தியாக வேண்டும். ஒரு ரயிலின் கோளாறு வழித்தடத்தின் முடக்கமாகிவிடும்.

எனவே ஆரம்ப மாதங்களிலாவது ஒவ்வொரு ரயிலிலும் ஓட்டத் தெரிந்த ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும். டெல்லி மெஜந்தா பாதையில் 2020 டிசம்பர் 28-ல் ஓட்டுநரில்லாச் சேவை தொடங்கியபோது ரயிலில் ஊழியரை வைத்துத்தான் ஓட்டினார்கள். பின்னர் ஆளைக் குறைத்தாலும், எத்தனை நிலையத்துக்கு ஒரு மீட்பு ஊழியர், நின்ற ரயிலை அவர் எத்தனை நிமிடத்தில் எட்ட வேண்டும் என்ற இரண்டு எண்களையும் மெட்ரோ நிர்வாகம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். உச்ச நேரத்துக்கும் மற்ற நேரத்துக்கும் தனித்தனியாக.

இன்னொன்று. திருமயிலையில் இரண்டாம் கட்டத்தின் இரு வழித்தடங்களும் பறக்கும் ரயிலும் சந்திக்கப் போகின்றன: கீழே நான்காம் படி, மேலே மோட்டார்மேனும் கார்டும். பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் ஒப்படைப்பது பற்றிய பேச்சில் நிலையங்களின் பராமரிப்பும் கட்டணமும்தான் அடிபடுகின்றன. அதை எந்தப் படிக்கு உயர்த்துவார்கள், அதுவரை சிவப்பு சிக்னலைத் தாண்டும் வண்டியை எது தடுக்கும் என்பதையும் தங்கள் நிருபர்கள் அதிகாரிகளிடம் கேட்டு வெளியிட வேண்டுகிறோம்.

– சிக்னல் துறைப் பணியாளர்கள் இருவர், பெரம்பூர், சென்னை.