ஸ்டேடியத்துல நான் எத படம் எடுக்குறேன்னா

டேய் செல்வா,

உன் மெயில் வந்துச்சுடா. பொண்ணு ஆர்க்கிடெக்சர்ல சேர்ந்துட்டான்னு படிச்சதும் ரொம்ப சந்தோஷம், சின்ன வயசுலேயே சுவரெல்லாம் வீடு வரைஞ்சவ ஆச்சே. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், வேலை கொஞ்சம் குறைஞ்சதால கேமராவோட சுத்த நேரம் கிடைக்குது. ஸ்டேடியத்துக்கு போயி ஆட்டத்த விட்டுட்டு தூணையும் படியையும் ஏன்டா எடுக்குறேன்னு கேட்டிருந்தல்ல, அதுக்குதான் இந்த கடிதம்.

கோல் விழுறத எடுக்க எத்தனையோ பேர் இருக்காங்க. ஆனா அத்தனை ஆயிரம் பேரையும் ஒரே பக்கம் பாக்க வெச்சு, அவங்க கத்துறது மேல போயி காணாம போகாம கூரையில பட்டு திரும்பி கீழயே விழ வைக்குது பாரு, அந்த கட்டடம்தான் எனக்கு வேணும். போர்ச்சுகல்ல ப்ராகான்னு ஒரு ஊரு, 2004 யூரோ ஃபுட்பால் போட்டிக்காக எடுவார்டோ சௌட்டோ டி மோராங்கற ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ணுன ஸ்டேடியம், போட்டோ தேடி பாரு. ரெண்டே பக்கம்தான் கேலரி, ஒரு கோலுக்கு பின்னாடி வெட்டுன கருங்கல் பாறை அப்படியே நிக்குது, ரெண்டு கூரையையும் மைதானத்துக்கு மேல கேபிள் போட்டு இழுத்து கட்டியிருக்காங்க. அதையும் மியூனிக் 1972 ஒலிம்பிக் ஸ்டேடியத்தையும் பொண்ண பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்க சொல்லு. மியூனிக்ல ஃப்ரை ஓட்டோ, குந்தர் பெஹ்னிஷ்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட் போட்ட கூரை கண்ணாடி மாதிரி அக்ரிலிக், கூடாரம் விரிச்ச மாதிரி இருக்கும், வெளிச்சம் அதுக்குள்ள ஊடுருவி வர்றதால கட்டையா கறுத்த நிழல் விழாது.

நம்மள மாதிரி எடுக்குறவனுக்கு பெரிய தலைவலியே அந்த நிழல்தான். பாதி மைதானம் பளிச்சுன்னு வெயில், பாதி கூரை நிழல், ரெண்டையும் ஒரே படத்துல காப்பாத்த முடியாது, ஏதாவது ஒண்ண விட்டுத்தான் ஆகணும். நான் வெயிலுக்கு ஏத்த மாதிரி எக்ஸ்போஷர், அதாவது கேமராக்குள்ள விடுற வெளிச்சத்தோட அளவு, வெச்சு நிழல கறுப்பாவே விட்டுடுவேன். ஃபுட்பால் மைதானத்த பெரும்பாலும் வடக்கு தெற்காதான் போடுவாங்க, சாயங்கால வெயில் கோல்கீப்பர் கண்ணுல அடிக்க கூடாதுன்னு. அதனால கடைசி வெயில் கிழக்கு கேலரி சீட்டு மேலதான் விழும், மேற்குல நின்னா அது மொத்தமும் கிடைக்கும்.

கேட்டு திறந்ததும் உள்ள போயிடுவேன். காலி சீட்டு வரிசை வரிசையா இருக்கறப்போ கேமராவ மட்டமா பிடிக்கணும், கொஞ்சம் அண்ணாந்தா கூட தூணெல்லாம் பின்னாடி சாயுற மாதிரி விழும்.

இருட்டுனதும் ஃப்ளட்லைட். கரண்ட் 50 ஹெர்ட்ஸா இருக்கற இடத்துல பழைய மெட்டல் ஹாலைடு லைட்டு செகண்டுக்கு 100 தடவ மினுங்கும், ஷட்டர் திறந்திருக்கற நேரத்த 1/1000 செகண்டா வெச்சா ஒவ்வொரு படமும் ஒவ்வொரு கலர்ல வரும், 1/100 இல்ல அதுக்கும் மெதுவா போனா சரியாயிடும். நான் இன்னும் மெதுவா, கால் செகண்ட் வரைக்கும் போறேன். பல இடத்துல டிரைபாட் விட மாட்டாங்க, கைப்பிடி கம்பி மேல கேமராவ அழுத்தி வெச்சு மூச்ச பிடிச்சுக்கிட்டு எடுக்கணும். கான்கிரீட் ஊசி மாதிரி ஷார்ப்பா நிக்கும், எழுந்து குதிக்கிற ஜனம் மட்டும் அலை மாதிரி கலங்கிடும். ஸ்டேடியம்னா எனக்கு இதுதான்டா, இத ஒரே படத்துல கொண்டு வரத்தான் இவ்ளோ பாடும்.

நீ ஆட்டத்துக்காகவே போறவன், எந்த கேலரியில எந்த மூலையில கத்தல் முதல்ல கெளம்பும்னு உனக்குதான் தெரியும். அத எழுதி அனுப்புடா, அதுக்கு நேர் எதிர்ல நான் இடம் பிடிச்சுக்குறேன்.

அன்புடன்,
ரவி